இண்டி கேமுக்கு ஒரு ட்ரெய்லர்: எதைக் காட்டுவது, எதை விடுவது

தனியாளாகவோ மூன்று நான்கு பேராகவோ கேம் செய்கிறவர்கள் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு, வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது அவசரமாக ட்ரெய்லர் வெட்டுவது பரவலான பழக்கம். அந்த ட்ரெய்லர் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கறுப்புத் திரை. மெல்ல எழும் பியானோ. ஸ்டுடியோவின் லோகோ, அதன்பின் கேம் எஞ்சினின் (கேமை உருவாக்கப் பயன்படுத்திய மென்பொருளின்) லோகோ. 'மறக்கப்பட்ட ஒரு ராஜ்ஜியத்தில்...' என்று ஒரு வாசகம். வானம், மலை, அவற்றின் மேல் ஊர்ந்து போகும் கேமரா. முப்பதாவது நொடியில்தான் ஒரு கதாபாத்திரம் நடந்து வருகிறது. அதற்குள் பார்க்க வந்தவர் அடுத்த கேமுக்குப் போய்விட்டார்.

இந்த அமைப்பு சினிமாவிலிருந்து வந்தது. பெரிய நடிகரின் படம் என்றால் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் வரும்போதே விசில் பறக்கும். யார் நடிக்கிறார், யார் இசை என்பதெல்லாம் பார்ப்பவருக்கு முன்பே தெரியும். காத்திருக்கத் தயாராகத்தான் வந்திருக்கிறார். உங்கள் இண்டி கேமைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் ஸ்டுடியோ லோகோ அவருக்கு வெறும் படம். இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சினிமாவை உட்கார்ந்து பார்க்கிறோம், கேமை நாமே ஆடுகிறோம். அதனால் கேம் ட்ரெய்லரைப் பார்க்கிறவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இதில் நான் என்ன செய்வேன்? அதற்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறதோ அவ்வளவு நல்லது. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில், ட்ரெய்லர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்போம். கணினி விளையாட்டு என்றால் பெரும்பாலும் ஸ்டீம் என்ற இணையக் கடைதான். அங்கே ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் மேலே முதலில் நிற்பது வீடியோ, ஸ்க்ரீன்ஷாட்டுகள் அதற்குப் பின்னால். வந்தவர் கேமை உடனே வாங்க வேண்டும் என்றில்லை. 'விஷ்லிஸ்ட்' பொத்தானை அழுத்தி, பின்னால் வாங்க நினைப்பவற்றின் பட்டியலில் சேர்த்தாலே உங்களுக்குப் பெரிய லாபம். கேம் வெளியாகும் நாளில் அவருக்கு ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி விட்டாலும் அனுப்பும். ஆகவே ட்ரெய்லரின் வேலை கதை முழுவதையும் சொல்வதல்ல, அந்தப் பொத்தானை நோக்கிக் கையை நகர்த்துவது. வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் 'விரைவில்' என்ற பக்கம் ஸ்டீமில் இருந்தாக வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பல மாதங்கள் முன்பே போட்டுவிடுகிறார்கள். முதல் ட்ரெய்லரும் அப்போதே தேவைப்படும் என்பதால், கடைசி வார அவசரம் ஒத்துவராது.

மக்கள் எவ்வளவு பொறுமையாகப் பார்ப்பார்கள் என்பது பற்றி ஸ்டீமுக்கே ஒரு கணிப்பு இருக்கிறது. 2019-இல் ஸ்டீம் லேப்ஸ் என்ற பெயரில் சில சோதனை முயற்சிகளைத் தொடங்கியபோது, அதில் ஒன்று 'மைக்ரோ ட்ரெய்லர்'. ஒரு கேமின் ட்ரெய்லரிலிருந்து தானாகவே துண்டுகளை வெட்டி ஆறே நொடியில் ஓட்டிக் காட்டும். உங்கள் வீடியோவில் பாதி வெறும் வாசகமும் லோகோவும்தான் என்றால் அந்த ஆறு நொடியில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வாத்தும் ஒரு தோட்டக்காரரும்

நல்ல உதாரணம் ஒன்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் ஹவுஸ் ஹவுஸ் என்று நான்கு பேர் கொண்ட குழு. அவர்களுடைய அலுவலக அரட்டையில் ஒருவர் ஒரு வாத்தின் படத்தைப் போட்டு, இதை வைத்து ஒரு கேம் செய்யலாம் என்றார். விளையாட்டாகத் தொடங்கியது உண்மையிலேயே ஒரு கேம் ஆனது. 2017 அக்டோபரில் முதல் வீடியோவை வெளியிட்டபோது கேமுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்', அதாவது பெயரிடாத வாத்து கேம் என்று போட்டார்கள். அந்த வீடியோ பரவிய வேகத்தில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. 2019 செப்டம்பரில் கேம் வெளிவந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்த வீடியோவில் பிரமாண்டம் எதுவும் இல்லை. அமைதியான ஆங்கில கிராமம், ஒரு தோட்டம், தன் பாட்டுக்கு வேலை செய்யும் தோட்டக்காரர், அவருக்குத் தொல்லை கொடுக்க வந்திருக்கும் ஒரு வாத்து. அவ்வளவுதான். பார்த்த எவருக்கும் 'நான் என்ன செய்வேன்' என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்தது: நான் வாத்து, அந்த ஆளை வெறுப்பேற்றுவேன். கேமுக்குள் வரும் பணிப்பட்டியலும் அதே தொனிதான். தோட்டக்காரரை நனை, அவர் சாவியைத் திருடு, இலை வாரும் கோலை ஏரியில் போடு. வாத்துக்குத் தெரிந்தது நடப்பது, அலகால் கவ்வுவது, சிறகடிப்பது, கத்துவது. இந்தச் சின்னச் சின்ன வினைகள் எல்லாமே திரையில் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்பதும் தெரிகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நகைச்சுவையை அல்ல. கேமை வினைச்சொல்லில் யோசிக்கும் முறையைத்தான். ஒரு தாளில் உங்கள் கேமில் ஆடுபவர் செய்யும் வினைகளை எழுதுங்கள். 'மர்மமான தீவில் ஒரு பயணம்' என்பது வினையல்ல. 'இரவில் விளக்கேற்றுவேன், விளக்கு அணைந்தால் ஓடுவேன்' என்றால் அதில் வினை இருக்கிறது. எந்த வினை மற்ற கேம்களில் இல்லையோ, அல்லது எந்த இரண்டு வினைகள் சேரும்போது புதிதாக ஒன்று நடக்கிறதோ, அதுதான் ட்ரெய்லரின் முதல் காட்சி.

புதிர் கேம் செய்கிறவர்கள் எங்கள் கேமில் காட்ட ஒன்றுமில்லையே என்பார்கள். ஃபின்லாந்துக்காரரான அர்வி டெய்காரி செய்து 2019-இல் வந்த 'பாபா இஸ் யூ' கேமைப் பாருங்கள். படமாகப் பார்த்தால் கட்டம் கட்டமான எளிய உருவங்கள்தான். ஆனால் கேமின் விதிகளே திரையில் கட்டைகளாகக் கிடக்கும். 'வால் இஸ் ஸ்டாப்' என்று மூன்று கட்டைகள் வரிசையாக நின்றால் சுவர் தடுக்கும். அதில் கடைசிக் கட்டையைத் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். சுவரில் முட்டுவது, கட்டையைத் தள்ளுவது, சுவரைக் கடப்பது என்று மூன்றே செயல்களில் அந்தக் கேமை யாருக்கும் புரியவைத்துவிடலாம். சரி, புதிரின் விடையைக் காட்டிவிட்டால் சுவாரசியம் போகாதா? முதல் சில புதிர்களின் விடை தெரிந்துவிடுவதால் எந்தக் கேமும் கெட்டதில்லை. புரியாமல் போன ட்ரெய்லரால்தான் ஆள் வராமல் போகிறது.

ஒன்றரை நிமிடத்துக்குள் என்ன வரிசை?

நீளம் அறுபதிலிருந்து தொண்ணூறு நொடி போதும். அதற்கு மேல் போனால் ஏன் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஐந்து நொடியில் கேமின் முக்கிய வினை, நடந்துகொண்டிருக்கும்போதே. அடுத்து அந்த வினையைக் கொஞ்சம் நிதானமாக, காரணமும் விளைவும் புரியும்படி. பிறகு அதன் விதவிதமான வடிவங்கள்: புதிய இடம், புதிய எதிரி, புதிய கருவி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி ஏறியிருக்க வேண்டும். உச்சத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தம், ஓரிரு நொடி அமைதி இருந்தால் உச்சம் எடுபடும். கடைசியில் கேமின் பெயர், எப்போது, எங்கே கிடைக்கும் என்ற அட்டை. படிக்க நேரம் கிடைக்கும்படி மூன்று நான்கு நொடி நிற்கட்டும். லோகோ போட்டே ஆகவேண்டும் என்றால் அதையும் இங்கே போடுங்கள்.

கதைதான் என் கேமின் உயிர் என்கிறவர்களுக்கும் இது பொருந்தும். டொரண்டோவில் இருக்கும் விசாய் கேம்ஸ் குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' கேம் எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய், தகப்பன், மகன், இவர்களுக்கு இடையே நழுவிப்போகும் மொழி என்று கனமான விஷயங்கள் அதில் உண்டு. ஆனால் கைக்கு வேலை என்று பார்த்தால், கிழிந்து அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் பிரியாணியும் செய்து பார்ப்பதுதான். அந்த அடுப்படிக் காட்சியை ஒரு முறை பார்த்தவர், தான் என்ன செய்யப்போகிறோம் என்று புரிந்துகொள்வார். குடும்பக் கதைக்குள் அவர் நுழைவதற்கு அதுவே வழி. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதும் இண்டி கேம் விழாவின் பெரும் பரிசும் அதற்குக் கிடைத்தன.

படம்பிடிப்பது

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் எடிட்டிங் மென்பொருளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். உண்மையில் ட்ரெய்லரின் தரத்தைத் தீர்மானிப்பது ஃபுட்டேஜ், அதாவது பதிவு செய்த காட்சிகள். மோசமான ஃபுட்டேஜை எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது. கேமை ஒரு மணி நேரம் ஆடி, ரெக்கார்டு செய்து, அதில் நல்ல இடமாகப் பொறுக்கலாம் என்று நினைப்பது வீண். என்னென்ன ஷாட் வேண்டும் என்று முதலில் பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எடுங்கள்.

கேம் உங்களுடையது என்பதால் சினிமாக்காரருக்கு இல்லாத வசதி ஒன்று உங்களிடம் இருக்கிறது. உலகத்தையே உங்கள் இஷ்டத்துக்கு வளைக்கலாம். ட்ரெய்லருக்காகவே சில குறுக்குவிசைகளைக் கேமுக்குள் எழுதி வையுங்கள்: ஆடுபவருக்குச் சாவில்லாமல் செய்வது, நினைத்த இடத்துக்குத் தாவுவது, எதிரியை வேண்டிய இடத்தில் நிறுத்துவது, கேமராவைத் தனியாக நகர்த்துவது, திரையில் இருக்கும் ஆயுள் பட்டை, வரைபடம் போன்றவற்றை ஒரே பொத்தானில் மறைப்பது. அரைநாள் வேலைதான், பின்னால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவும் உதவும். பட்டைகளை எப்போதும் மறைக்க வேண்டும் என்றும் இல்லை. 2024-இல் வந்த 'பலாட்ரோ' போன்ற சீட்டு கேமில் எகிறும் புள்ளிகள்தான் பரபரப்பே. அவற்றை எடுத்துவிட்டால் வெறும் சீட்டுப்படம் மிஞ்சும்.

ஆடும் விதமும் மாற வேண்டும். தன் கேமை ஆயிரம் தடவை ஆடியவர் கண்ணிமைக்கும் நேரத்தில் மூன்று எதிரிகளை வீழ்த்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. கேமராவுக்காக ஆடுவது ஒரு வகை நடிப்பு. ஒரு கணம் நின்று, எதைச் செய்யப்போகிறோமோ அதைப் பார்த்து, பிறகு செய்ய வேண்டும். கதாபாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் முதல்நபர் பார்வை கேம் என்றால் மவுஸ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கன்ட்ரோலரில் ஆடுங்கள், பார்வை வழுக்கினாற்போல் திரும்பும். அப்புறம், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படச்சட்டம்) என்று திரை மூலையில் ஓடும் எண், பிழைச் செய்தி, மவுஸ் அம்பு, நண்பர் ஏதோ கேம் ஆடுகிறார் என்று சொல்லும் ஸ்டீம் அறிவிப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எத்தனை ட்ரெய்லர்களில் அந்த அறிவிப்பு எட்டிப் பார்க்கிறது என்று கவனித்தால் சிரிப்பு வரும்.

ரெக்கார்டு செய்யும்போது கேமின் பின்னணி இசையை அணைத்துவிட்டு, அடி, காலடி, கதவு போன்ற ஒலிகளை மட்டும் விட்டுவையுங்கள். புதிதாகச் செய்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். இசையோடு பதிவானால், ஷாட்டை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் இசையும் வெட்டுப்படும். வேறு வழியில்லாமல் மொத்த ஒலியையும் நீக்கிவிட்டு மேலே ஒரு பாட்டை ஓட்டுவார்கள். அடிக்குச் சத்தமில்லாத சண்டைக்காட்சி எவ்வளவு சப்பென்று இருக்கும் என்பது நம் சினிமா பார்த்து வளர்ந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளுக்குச் செலவு இல்லை. பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ, வெட்ட டாவின்சி ரிசால்வ், இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1920-க்கு 1080 பிக்சல், நொடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்ளலாம். கணினி பழையது, பதிவு செய்யும்போது கேம் திக்குகிறது என்றால் எஞ்சினுக்குள்ளேயே வழி உண்டு. கொடோ 4 எஞ்சினில் மூவி மேக்கர் என்று ஒரு வசதி இருக்கிறது. அது நேரத்தோடு போட்டி போடாமல் ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்து கோப்பில் எழுதும். பதிவாக நேரமாகும், ஆனால் ஒரு ஃப்ரேம்கூட விடுபடாது. யூனிட்டி எஞ்சினில் இதற்கு ரெக்கார்டர் என்ற துணைப்பொதி உண்டு.

பிக்சல் ஓவியக் கேம் செய்கிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். படத்தை முழு எண்ணால்தான் பெருக்க வேண்டும். 320-க்கு 180 என்று வரைந்திருந்தால் ஆறு மடங்கு 1920-க்கு 1080, பன்னிரண்டு மடங்கு 3840-க்கு 2160. இடைப்பட்ட அளவுக்கு இழுத்தால் சில பிக்சல் பெரிதாகவும் சில சிறிதாகவும் தெரியும். யூடியூபுக்கு 4கே (3840-க்கு 2160) அளவிலேயே ஏற்றுவது நல்லது. சுருக்கத்தில் நிறங்கள் கசிவது அதில் குறையும்.

வெட்டும்போது

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்பேன்: பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறது? ஒரு ஷாட் முடியும்போது அவர் திரையின் வலது ஓரத்தில் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த ஷாட்டின் முக்கியமான பொருளும் வலது பக்கத்திலேயே தொடங்கட்டும். இடது மூலையில் தொடங்கினால் கண் தேடிப் போவதற்குள் அந்த ஒன்றரை நொடி ஷாட் முடிந்துவிடும். வேகமாக வெட்டியும் தெளிவாக இருக்கும் ட்ரெய்லர்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ஷாட்டைச் செயலுக்குச் சற்று முன் தொடங்கி, விளைவு தெரிந்த உடனே முடியுங்கள். ஒரு ஷாட்டில் ஒரு விஷயம்.

வாசகங்களைக் குறையுங்கள். சமூக ஊடகங்களில் வீடியோ பெரும்பாலும் ஒலியில்லாமல் ஓடும், அதனால் ஒன்றிரண்டு தேவைப்படலாம். ஆனால் 'வியப்பூட்டும் உலகம்', 'மறக்க முடியாத அனுபவம்' போன்றவை எந்தக் கேமுக்கும் பொருந்தும். ஆகவே எதுவும் சொல்வதில்லை. 'வார்த்தையைத் தள்ளு, விதி மாறும்' என்பது போல மூன்று நான்கு சொல்லில், அடுத்து வரும் காட்சியோடு ஒட்டியதாக இருக்கட்டும்.

இசைக்கு மறுபடி அந்த வாத்திடம் வருவோம். அதன் முதல் ட்ரெய்லரில் ஒலித்தது ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி எழுதிய ஒரு பியானோ துண்டு. டேன் கோல்டிங் என்ற இசைக்கலைஞர் அதை வாத்தின் அசைவுக்கு ஏற்ப நிறுத்தியும் ஓட்டியும் அமைத்தார். கேமுக்குள்ளேயே இசை இப்படித்தான் மாறும் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் அப்படிப்பட்ட ஒரு முறையையே கேமுக்காக உருவாக்கிவிட்டார்கள். டெபுஸி 1918-இல் இறந்தார், அந்த இசைக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் யாரோ வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனியாக உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை இசைக்கு உரிமை. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். தியாகராஜர் கீர்த்தனையை நீங்களே வீணையில் வாசித்துப் போடலாம், பிரபல வித்வானின் சமீபத்திய ஆல்பத்திலிருந்து எடுத்துப் போட முடியாது. சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், யூடியூபின் தானியங்கி முறை சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும்.

இல்லாததைக் காட்டாதீர்கள். இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு 2013 டிசம்பரில் 'நோ மேன்ஸ் ஸ்கை'யின் முதல் ட்ரெய்லரைக் காட்டி உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. 2016 ஆகஸ்டில் கேம் வந்தபோது, காட்டியது எங்கே என்று ஆடியவர்கள் கொதித்தார்கள். புகார் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு வரை போனது. அமைப்பு அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் பெயரை மீட்க அந்தக் குழு பல ஆண்டுகள் இலவச மேம்பாடுகள் தர வேண்டியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த அளவு தாக்குப்பிடிக்கும் பணம் கிடையாது.

கேமில் இல்லாத தனி அனிமேஷனுக்குச் செலவழிப்பதும் இதே வகைதான். 'டெட் ஐலண்ட்' 2011-இல் வெளியிட்ட பின்னோக்கி ஓடும் சோகமான ட்ரெய்லர் கான் லயன்ஸ் என்ற விளம்பர விழாவில் தங்கம் வாங்கியது. வெளிவந்த கேமோ ஜோம்பிகளை வெட்டித் தள்ளும் அதிரடி. சுவீடனின் காஃபி ஸ்டெயின் குழு 2014-இல் தங்கள் 'கோட் சிமுலேட்டர்' என்ற ஆட்டுக் கேமுக்காக அந்த ட்ரெய்லரையே நையாண்டி செய்தது. அதற்கு முன்னால் அந்த ஆட்டைப் பிரபலமாக்கியது எது தெரியுமா? விற்கும் எண்ணமே இல்லாமல் செய்த மாதிரியை அப்படியே ஆடிக் காட்டிய ஒரு சாதாரண யூடியூப் வீடியோ.

வெட்டி முடித்ததும் உங்கள் கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், ஒலியை அணைத்துவிட்டு, ஒரே முறை காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இதில் நீ என்னவெல்லாம் செய்யலாம் என்று கேளுங்கள். பதில் தப்பாக வந்தால் அவருக்கு விளக்காமல் வீடியோவைத் திருத்துங்கள்.

ஒரே ட்ரெய்லரைப் பல பிரதிகளாக எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் நேரத்தை மிச்சப்படுத்தும். ஸ்டீமில் ஏற்றும் பிரதியில் வேறு கடைகளின் லோகோ வேண்டாம். வாசகங்கள் இல்லாத பிரதி ஒன்று, வேறு மொழியில் போட. இசை இல்லாமல் கேம் ஒலி மட்டும் உள்ள பிரதி ஒன்று, தங்கள் குரலில் பேசி வீடியோ போடும் யூடியூபர்களுக்கு. செய்தித் தளங்களுக்கும் ட்ரெய்லர் சேனல்களுக்கும் எழுதும்போது யூடியூப் சுட்டி மட்டும் அனுப்பினால் போதாது. அவர்கள் தங்கள் சேனலில் ஏற்ற அசல் கோப்பு வேண்டும். இறக்கிக்கொள்ளும் சுட்டி, எந்த நாள் எந்த நேரத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்ற குறிப்பு, ஸ்டீம் பக்கத்தின் முகவரி, இந்த மூன்றும் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும்.